பயணத்துக்கு காம்பாக்ட் கேமரா வாங்கும்போது சென்சார் அளவை ஏன் பார்க்க வேண்டும்?

லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுதான் சென்சார். பாக்கெட் கேமராக்களில் பெரும்பாலும் இரண்டு வகை: 1/2.3 இன்ச் (சுமார் 6.2 × 4.6 மி.மீ.), 1 இன்ச் (பெயரில்தான் இன்ச், உண்மை அளவு 13.2 × 8.8 மி.மீ.). பரப்பில் நான்கு மடங்கு வித்தியாசம். மழையில் டம்ளரையும் அண்டாவையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான்.

நல்ல வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கோயில் பிரகாரம், அருங்காட்சியகம், இரவுக் கடைத்தெரு என்று வந்தால்தான் சாயம் வெளுக்கும். சிறிய சென்சார் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனின் எண்ணை, 1600, 3200 என்று ஏற்றும். படத்தில் புள்ளி தட்டும். அதை மறைக்க கேமராவே படத்தை வழவழப்பாக்கும்போது, தூணில் உள்ள உளி வேலைப்பாடும் சேர்ந்து அழிந்துவிடும்.

பெரிய சென்சாருக்குப் பெரிய லென்ஸ் வேண்டும். அதனால் ஜூம் குறையும், விலை ஏறும். 1 இன்ச் சென்சார் உள்ள சோனி ஆர்எக்ஸ்100 VII-இல் 24–200 மி.மீ. ஜூம் (எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்), எடை 302 கிராம். சிறிய சென்சார் உள்ள கேனான் எஸ்எக்ஸ்740 960 மி.மீ. வரை போகும், ஆனால் அந்தக் கோடியில் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை எஃப்6.9 ஆகச் சுருங்கும் (எஃப் எண் கூடினால் துளை சிறியது), பொழுது சாய்ந்தால் படம் அசங்கும். பறவை, விலங்கு எடுப்பவருக்கு இது சரி. மற்றவர்களுக்கு 200 மி.மீ. தாராளம்.

மெகாபிக்சல் கூடினால் படம் தெளியும் என்று நினைக்க வேண்டாம்: மேலே சொன்ன இரண்டுமே 20 மெகாபிக்சல்தான்.