கணினிக் கேள்வி பதில்: அந்த -1 எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கடையொன்றுக்கு சி ஷார்ப் மொழியில் இருப்புக் கணக்கு மென்பொருள் செய்கிறேன். சாமான் போதாவிட்டால் எஸ்கியூஎல் சேர்வர் தரவுத்தளத்தில் உள்ள புரொசீஜர் (சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) ‘ரிட்டர்ன் 2’ என்று திருப்பவேண்டும். அதை எக்ஸிகியூட் நொன்குவெரியால் ஓட்டி, அது தரும் எண்ணைப் பார்த்தால் எனக்கு எப்போதும் -1தான் வருகிறது. ஏன்?
- வாசகர், கொக்குவில்

பதில்: தம்பி, நீங்கள் பிடித்திருப்பது வேறு ஆளை. எக்ஸிகியூட் நொன்குவெரி தருவது அட்டவணையில் மாறிய நிரைகளின் எண்ணிக்கை, புரொசீஜரின் ரிட்டர்ன் அல்ல. புரொசீஜரின் தலையில் ‘செட் நோகவுண்ட் ஒன்’ (அந்த எண்ணிக்கையை அனுப்பாதே என்ற கட்டளை) போட்டிருப்பீர்கள், அதுதான் -1.

சி ஷார்ப் கட்டளையில் இன்னொரு பராமீற்றர் (பெறுமதி போய்வரும் மாறி) சேருங்கள். வகை இன்ட் (முழு எண்), டைரக்‌ஷன் ரிட்டர்ன்வேல்யூ. பெயர் எதுவென்றாலும் பரவாயில்லை. ஓட்டி முடிந்ததும் அதன் வேல்யூவைப் பாருங்கள், உங்கள் 2 அங்கே இருக்கும். நிரைகளை ஒவ்வொன்றாக வாசிக்கும் டேட்டாரீடர் பாவித்தால் மட்டும் கவனம்: ரீடரை மூடும்வரை அந்தப் பெறுமதி வராது. இது தெரியாமல் திருநெல்வேலியில் ஒரு சின்ன அறைக்குள் நான் அரை நாள் மினக்கெட்டிருக்கிறேன். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. தேத்தண்ணி ஆறினதுதான் மிச்சம்.

சந்தேகமென்றால் முதலில் சி ஷார்ப்பை விடுங்கள். எஸ்கியூஎல் சேர்வரின் குவெரி ஜன்னலில் @நிலை என்று ஒரு இன்ட் அறிவித்து, ‘எக்செக் @நிலை = விற்பனை_பதி’ என்று (விற்பனை_பதி இருக்குமிடத்தில் உங்கள் புரொசீஜரின் பெயர்) ஓட்டி, @நிலையை செலக்ட் பண்ணுங்கள். பிழை எந்தப் பக்கம் என்று உடனே தெரியும்.

ரிட்டர்னில் முழு எண் மட்டுமே போகும். மிச்சம் 12.5 கிலோ என்று சொல்ல அவுட்புட் பராமீற்றர்தான் வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற வேறு தரவுத்தளத்தின் புரொசீஜரிலோ ரிட்டர்னே கிடையாது.