18 பேருந்துக்கு ஷெட்: முதலில் வண்டி போகும் வழி, பிறகு கட்டடம்

கேள்வி: எங்களுக்கு 18 பேருந்துகள். இரவில் பாதி சாலையோரத்திலும் பாதி பெட்ரோல் பங்க்கிலும் நிற்கின்றன. திண்டுக்கல் அருகே 2 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். நடுவில் ஷெட், சுற்றிலும் பார்க்கிங் என்று இன்ஜினியர் ப்ளான் தந்திருக்கிறார். சரியாக வருமா?

பதில்: இரவு 10 மணிக்கு உள்ளே வரும் ஒரு வண்டிக்கு என்னென்ன வேலை என்று முதலில் எழுதிப் பாருங்கள். டீசல், வாட்டர் வாஷ், டயரும் பிரேக்கும் பார்ப்பது, அப்புறம் நிறுத்துவது. இந்த வரிசையில், ஒரு தடவைகூட ரிவர்ஸ் எடுக்காமல் கேட்டிலிருந்து நிறுத்தும் இடம்வரை வர வேண்டும். பின்னால் நின்று விசிலடிக்கக் கண்டக்டர் இருக்க மாட்டார்; டிரைவரோ நாள் முழுக்க ஓட்டிக் களைத்தவர். ஷெட்டுக்குள் நடக்கும் இடிகளில் பெரும்பாலானவை ரிவர்ஸில்தான் நான் பார்த்திருக்கிறேன்.

வளையும் திசை வலப்பக்கமாக இருக்கட்டும். நம் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலதுபுறம் திரும்பும்போதுதான் உள்மூலை அவர் கண்ணில் படும். 12 மீட்டர் வண்டி திரும்ப வெளிவட்டத்தில் சுமார் 12 மீட்டர் ஆரம் வேண்டும். உங்கள் ப்ளானில் அது எல்லா மூலையிலும் கிடைக்கிறதா என்று அளந்து பாருங்கள். நடுவில் ஷெட் வைத்தால் இடம் அங்கேதான் இடிக்கும். ஷெட்டை ஒரு ஓரத்துக்குத் தள்ளுவதே நல்லது.

ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் இடம் மிச்சமாகும். ஆனால் விடியற்காலை 4 மணிக்கு, வரிசையில் முதலில் நிற்கும் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் பின்னால் உள்ளதெல்லாம் நின்றுவிடும். சாய்வாக, ஒவ்வொன்றும் தனியாக வெளியேறும்படி நிறுத்துங்கள். 2 ஏக்கரில் 18 வண்டிக்கு இது தாராளமாக முடியும்.

வண்டிக்கு அடியில் நின்று மெக்கானிக் வேலை பார்க்கும் குழி, அதாவது பிட், இரண்டு போதும். அகலம் 3 அடி, ஆழம் நாலரை முதல் 5 அடி, நீளம் வண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல், இரு முனையிலும் படி. உங்கள் மெக்கானிக்கையே உள்ளே நிறுத்தி, தலை இடிக்காமல் கை எட்டுகிறதா என்று பார்த்து ஆழத்தை முடிவு செய்யுங்கள். விளக்கு 24 வோல்ட்டில் இருக்கட்டும். ஈரத்தில் 230 வோல்ட் ஹேண்ட் லேம்ப் உயிருக்கே ஆபத்து. ஓர் இடத்தில் நான் போட்ட பிட்டுக்குத் தண்ணீர் இறைக்கும் குழி விடவில்லை. ஐப்பசி மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்று, ஒரு வாரம் வேலை நடக்கவில்லை. தவறு என்னுடையதுதான்; நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

டீசல் பிடிக்கும் இடத்திலும் நிறுத்தும் இடத்திலும் தார் போடாதீர்கள். சிந்தும் டீசல் தாரைக் கரைத்துவிடும். கான்கிரீட்தான். கழுவும் தண்ணீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகவே வெளியே போக வேண்டும். பழைய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டும் கொடுங்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. டீசலை 2,500 லிட்டருக்கு மேல் வைத்தாலோ, ஒரே கலத்தில் 1,000 லிட்டருக்கு மேல் ஊற்றினாலோ உரிமம் வேண்டும். டேங்க் வாங்கும் முன்பே விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று. சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூனில் 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. உங்களுக்கும் அந்த நாள் வரலாம். கான்கிரீட் போடும்போதே கேபிள் செல்லக் காலிக் குழாய்களைப் புதைத்து, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிடுங்கள். பிறகு தரையை உடைப்பது பெரிய செலவு.

அஸ்திவாரம் தோண்டும் முன் சுண்ணாம்புத் தூளால் ப்ளானைத் தரையில் வரைந்து, இருப்பதிலேயே நீளமான வண்டியை ஓட்டிப் பாருங்கள். டிரைவர் எங்கே நிறுத்தி மறுபடி ஸ்டியரிங்கை ஒடிக்கிறாரோ, அங்கே கோட்டைத் தள்ளிப் போடுங்கள்.