பழைய டீசலிலிருந்து பெட்ரோலுக்கு: லண்டன் வாசகர்களின் கார் கேள்விகள்

2023 ஆகஸ்ட் 29-ஆம் தேதி யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்கு நாள் கட்டணம் போடும் திட்டம், லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்தது. அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பழைய டீசலைக் கொடுத்துவிட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார் வாங்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்? இந்த முறை வந்தவற்றில் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்களுடையது 2012 டீசல். தினமும் வேலைக்கு எடுக்கிறேன். யூலெஸ் கட்டணம் கட்டியே ஓட்டலாமா? மாற்றுவதென்றால் எந்த வருடத்துக் கார் வாங்கலாம்? (ஹாரோ)

ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. வாரத்தில் ஐந்து நாள் என்றாலே வருடத்துக்கு 3,000 பவுண்டு ஆகிவிடும். சனி, ஞாயிறு கோவிலுக்கும் கடைக்கும் எடுத்தால் நாலாயிரத்தைத் தாண்டும். உங்கள் காரின் இன்றைய விலையே அவ்வளவு இருக்காது. மாற்றிவிடுங்கள்.

பெட்ரோலுக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் போதும். 2006-க்குப் பிறகு பதிவானவை பெரும்பாலும் தேறிவிடும். டீசலுக்கு யூரோ 6 வேண்டும், அதாவது 2015 செப்டம்பரை ஒட்டியோ அதற்குப் பிறகோ பதிவான கார். ஆனால் வருடத்தை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். கார் நம்பரை டி.எஃப்.எல். (லண்டன் போக்குவரத்து நிர்வாகம்) தளத்தில் போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே நம்பரை அரசாங்கத்தின் எம்.ஓ.டி. (வருடாந்தரத் தகுதிச் சோதனை) வரலாற்றுப் பக்கத்திலும் போடுங்கள். இரண்டும் இலவசம். இந்த இரண்டையும் பார்க்காமல் கார் பார்க்கவே கிளம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்கிறேன், கீழேயும் சொல்வேன்.

நல்ல பெட்ரோல் ஃபேமிலி கார் ஒன்று சொல்லுங்கள் அண்ணா. (ஈஸ்ட் ஹாம்)

கையில் எவ்வளவு பணம், வீட்டில் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை மைல், கியரா ஆட்டோமேட்டிக்கா? ஒன்றுமே எழுதவில்லை. இந்த நாலையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். இது உங்கள் குடும்பம் ஏறப்போகும் வண்டி, ஒரு வரியில் கேட்டு ஒரு வரியில் வாங்குகிற பொருள் அல்ல.

என்னுடையது 2017 டீசல், யூரோ 6. தினமும் எம்1 வழியாக பர்மிங்ஹாம் போய் வருகிறேன். எல்லோரும் பெட்ரோலுக்கு மாறச் சொல்கிறார்கள். (மில்டன் கீன்ஸ்)

மாறாதீர்கள். தினமும் நூறு மைலுக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு டீசல்தான் சரி. யூரோ 6 என்பதால் பர்மிங்ஹாமின் கிளீன் ஏர் ஸோனிலும் உங்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், ஆட்பிளூ (டீசல் புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) ஊற்றும் கார் என்றால் அது தீருமுன் ஊற்றுங்கள். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம், கடை, வீடு. ஒரு தடவைக்கு இரண்டு மைல்தான் ஓடும். டி.பி.எஃப். (டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட் மூன்றாவது முறையாக வந்துவிட்டது. ஒரு மெக்கானிக், அதை வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்கிறார். (க்ராய்டன்)

அவரிடம் இனிமேல் போகாதீர்கள். டி.பி.எஃப்.-ஐ எடுத்த காரை ரோட்டில் ஓட்டுவது சட்டப்படி குற்றம், 2014-லிருந்து எம்.ஓ.டி.-யிலும் தேறாது. அந்த ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளக் கால் மணி, இருபது நிமிடமாவது சூடாக, வேகமாக ஓட வேண்டும். உங்கள் கார் சூடு ஏறுவதற்குள் பள்ளிக்கூட வாசலில் நின்றுவிடுகிறது. இது காரின் கோளாறே இல்லை, உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தாத கார். உங்களுக்குப் பெட்ரோல்தான், முடிந்தால் பெட்ரோல் ஹைப்ரிட்.

2016 மாடல், 1 லிட்டர் டர்போ பெட்ரோல், 68,000 மைல், ஃபுல் சர்வீஸ் ஹிஸ்டரி, 5,000 பவுண்டு. வாங்கலாம் என்றிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் "வெட் பெல்ட், தொடாதே" என்கிறார். அவர் சொல்வது உண்மையா? (வெம்ப்ளி)

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நம் ஆட்கள் இழந்த பணத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின். பழைய முறை டைமிங் பெல்ட் என்ஜினுக்கு வெளியே, ஒரு மூடிக்குள் காய்ந்தபடி ஓடும். செயின் என்றால் உள்ளே ஆயிலில் ஓடும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் உராய்வைக் குறைத்து மைலேஜைக் கூட்ட, ரப்பர் பெல்ட்டையே ஆயிலுக்குள் ஓடவிட்டார்கள். இதுதான் வெட் பெல்ட். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ, சிட்ரோயன் கார்களில் வரும் 1.2 ப்யூர்டெக் இரண்டும் இந்த வகை. லண்டனில் எந்தத் தெருவிலும் நாலு கார் பார்க்கலாம். ஓட்ட நன்றாக இருக்கும், இன்ஷூரன்ஸும் டாக்ஸும் அதிகம் வராது, விலையும் மலிவு. டீசலைக் கொடுத்துவிட்டு வருகிறவர் நேராக இதில்தான் போய் விழுகிறார்.

குளிரில் ஸ்டார்ட் செய்து இரண்டு மைல் ஓட்டி நிறுத்தும் காரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால், அல்லது வேறு கிரேடு ஊற்றிவிட்டால், அது ரப்பரை ஊற வைக்கிறது. பெல்ட் வீங்கும், வெடிப்பு விடும், பொடிப் பொடியாக உதிரும். அந்தப் பொடி ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைக்கும். ஆயில் பிரஷர் இறங்கும். டர்போ போகும், பிறகு என்ஜின் போகும். ப்யூர்டெக்கில் பிரேக்குக்கான வேக்குவம் பம்பும் இதனால் பாதிக்கப்பட்டு, மிதி கல்லாக இறுகிவிடும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

போன குளிர்காலத்தில் இப்படி ஒரு காரின் சம்ப்பை (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றினேன். சல்லடை முழுக்க, டீ வடிகட்டியில் தூள் அப்பிக்கொள்ளுமே அப்படி, கறுப்பாக ரப்பர். விரலால் வழித்தால் பிசுபிசுவென்று வந்தது. ஒரு தாய் அந்தக் காரை வாங்கி ஐந்து மாதம்தான். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கட்டம் விடாமல் முத்திரை இருந்தது. ஒரு பில்கூட இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தாய் ஒரு மாதம் பஸ்ஸில் அலைந்தார், என்ஜினுக்குக் கொடுத்தது கார் விலையில் பாதிக்கும் மேல்.

அதனால்தான் சொல்கிறேன், முத்திரையை நம்பாதீர்கள், பில்லைக் கேளுங்கள். எந்த ஆயில், எந்த கிரேடு, எந்தத் தேதி, எத்தனை மைலில் என்று பில்லில்தான் இருக்கும். ஐந்து ரூபாய் ரப்பர் ஸ்டாம்பை யாரும் குத்தலாம்.

கம்பெனிகளே கெடுவை மாற்றியதுண்டு. ப்யூர்டெக் பெல்ட் பத்து வருடம் தாங்கும் என்று முதலில் சொன்னார்கள், பிறகு ஆறு வருடம் அல்லது 60,000 மைலை ஒட்டி மாற்றச் சொல்லிவிட்டார்கள். சர்வீஸ் ஒழுங்காகச் செய்த கார்களுக்கு வாரன்டியையும் நீட்டினார்கள், ஆனால் அதற்கும் பில் வேண்டும். பிந்தைய ஈகோபூஸ்ட்களில் டைமிங்குக்குச் செயின் வந்துவிட்டது, ஆயில் பம்பை ஓட்டுவது அதிலும் பெல்ட்தான். ஹோண்டா என்ற பேருக்காகவும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். 2017 சிவிக்கில் வந்த 1.0 டர்போவும் வெட் பெல்ட்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்ன டார்ச் எடுத்துப் போங்கள். ப்யூர்டெக்கில் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே அடித்தால் பெல்ட்டே தெரியும். முதுகில் வெடிப்போ ஓரத்தில் நார் நாராகவோ இருந்தால் மூடியைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஈகோபூஸ்ட்டில் இப்படிச் சுலபமாகப் பார்க்க முடியாது, அங்கே பில் ஒன்றுதான் சாட்சி.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெல்ட் மாற்றியதற்குப் பில் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் மாற்றும் செலவு ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும், அதை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். குறைத்துக் கொடுத்தால் வாங்கிய வாரமே மாற்றுங்கள், "அடுத்த வருடம் பார்க்கலாம்" வேண்டாம். குறைக்க மாட்டேன் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் டொயோட்டாவின் 1.8 ஹைப்ரிட், மஸ்டாவின் 2.0 ஸ்கைஆக்டிவ், பழைய சிவிக்கின் 1.8 ஆகியவற்றைப் பாருங்கள். மூன்றும் செயின்.

95,000 மைல் ஓடிய பெட்ரோல் கார் வாங்கலாமா? (டூட்டிங்)

வாங்கலாம். பில்லோடு ஓடிய 95,000, பில் இல்லாத 40,000-ஐ விட மேல்.

அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள். ஏழு சீட் வேண்டும், ஆட்டோமேட்டிக், பெட்ரோல். ப்ரியஸ் ப்ளஸ் நிறைய விற்பனைக்கு வருகிறது. (ஸ்லவ்)

நல்ல கார். அந்த ஹைப்ரிட்டில் தேய்ந்துபோகும் கிளட்சே கிடையாது. ஆனால் லண்டனில் மினிகேப்பாக ஓடியவை ஏராளம். பின் சீட் தேய்மானம், கதவுக் கைப்பிடி, கண்ணாடியில் லைசென்ஸ் ஸ்டிக்கர் உரித்த தடம், எல்லாம் பாருங்கள். எம்.ஓ.டி. வரலாற்றில் வருடத்துக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் மைல் ஏறியிருந்தால் அது குடும்பக் காராக ஓடியதில்லை. ஜப்பானிலிருந்து இறக்குமதியானதென்றால் யூலெஸ் தேறுகிறதா என்று நம்பர் போட்டுப் பாருங்கள். யூரோ தரம் பதிவில் இல்லாததால் நல்ல காருக்கும் கட்டணம் காட்டுவதுண்டு. பிறகு ஆதாரம் அனுப்பி மாற்ற வேண்டிவரும், அந்த அலைச்சல் விற்றவருடையதாக இருக்கட்டும்.

டொயோட்டா டீலரிடம் ஒவ்வொரு சர்வீஸ் செய்யும்போதும் ஒரு வருடத்துக்கு வாரன்டி புதுப்பிக்கிறார்கள், கார் பத்து வயது அல்லது ஒரு லட்சம் மைல் ஆகும்வரை. எத்தனையாவது ஓனர் என்பது கணக்கில்லை. இன்னொன்று, பழைய ஹைப்ரிட்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் திருடுகிறார்கள். வாங்கியவுடன் அதற்கு ஒரு பூட்டு போட்டுவிடுங்கள்.

ஃபோக்ஸ்வாகன் கார்களில் வரும் ஏழு ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் பயப்படாமல் வாங்கலாமா? (ஹவுன்ஸ்லோ)

சின்ன என்ஜின்களோடு வரும் ட்ரை கிளட்ச் (ஆயிலில் நனையாமல் ஓடும் கிளட்ச்) வகையென்றால், ட்ராஃபிக்கில் முதல் கியரில் ஊர்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். உதறல் வந்தால் விட்டுவிடுங்கள்.

தெரிந்தவர் மூலம் ஒரு கார். விலை ரொம்பக் குறைவு. லாக் புக் (காரின் பதிவுப் பத்திரம்) தபாலில் வரும், பணத்தை இப்போதே போடச் சொல்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன், கார் எப்படி? (லூட்டன்)

படத்தைப் பார்த்து கார் சொல்ல எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. லாக் புக் இல்லாமல் ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். லாக் புக்கில் உள்ள விலாசத்தில், அந்த வீட்டு வாசலில் வைத்துத்தான் காரைப் பார்க்க வேண்டும். கார் மீது ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் கம்பெனி சேதம் என்று கழித்துவிட்ட கேட்டகரி எஸ் அல்லது என்-ஆ என்று பத்து இருபது பவுண்டு கொடுத்துப் பாருங்கள். தெரிந்தவர் என்பதற்காக இதையெல்லாம் விட்டவர்கள்தான் எனக்கு அதிகம் எழுதுகிறார்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆற விடுங்கள், அல்லது வேறு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். செயின் சத்தம், புகை, ஆடிக்கொண்டு ஓடும் ஐடில், எல்லாம் குளிர்ந்த என்ஜினில்தான் தெரியும்.

என் பழைய பெட்ரோல் காருக்கு ஈ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) ஒத்துக்கொள்ளுமா? (ரெடிங்)

2011-லிருந்து விற்ற எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ளும். அதற்கு முந்தையது என்றால் அரசாங்கத் தளத்தில் மாடலைப் போட்டுப் பாருங்கள், ஆகாது என்று வந்தால் சூப்பர் அன்லெடட் போடுங்கள்.

விற்றவர் "இன்னும் ஆறு மாதத்துக்கு டாக்ஸ் கட்டியிருக்கிறது" என்றார். போலீஸ் நிறுத்தி டாக்ஸ் இல்லை என்கிறது. (இல்ஃபோர்ட்)

2014 அக்டோபரிலிருந்து டாக்ஸ் காரோடு வராது. சாவி கைக்கு வந்ததும், ஓட்டுவதற்கு முன், நீங்கள்தான் கட்ட வேண்டும். இன்ஷூரன்ஸும் அப்படியே. கூடவே ஒன்று: 2017 ஏப்ரல் 1-க்கு முன் பதிவானவற்றுக்குப் புகை அளவை வைத்து டாக்ஸ், சின்ன பெட்ரோல் காருக்கு வருடம் 20 பவுண்டு, 35 பவுண்டுகூட உண்டு. அதற்குப் பின் பதிவானதற்குப் பெரும்பாலும் ஒரே மாதிரி, இப்போது 200 பவுண்டை ஒட்டி. 2017 மார்ச்சா மேயா என்பது வருடா வருடம் உங்கள் பையில் தெரியும்.

டீலரிடம் வாங்கி 19 நாள். என்ஜின் லைட். "சோல்ட் ஆஸ் சீன்" என்று பில்லில் எழுதியிருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். (லெஸ்டர்)

டீலர் அப்படி எழுதினாலும் செல்லாது. 2015-ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கியபோதே கோளாறு இருந்தது என்று காட்டினால் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். உங்களுக்கு இன்னும் 11 நாள்தான் இருக்கிறது. இன்றைக்கே வேறொரு கராஜில் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். காரைத் திருப்பித் தருகிறேன் என்று டீலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். 30 நாள் தாண்டினால் முதலில் ரிப்பேர் செய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டிவரும். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான காருக்கு பேங்க்கையும் கேட்கலாம்.

தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் சில டீலர்கள் தனியார் போல விளம்பரம் போடுகிறார்கள். போன் செய்து "அந்தக் காரைப் பற்றிக் கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். "எந்தக் கார்?" என்று திருப்பிக் கேட்டால் அவர் டீலர்.

டீசலைக் கொடுத்து 1.6 பெட்ரோல் வாங்கினோம், டர்போ இல்லை. மேட்டில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. என்ஜின் கோளாறா? கராஜில் ஒன்றுமில்லை என்கிறார்கள். (ஷெஃபீல்ட்)

கராஜ்காரர் சொல்வது சரி. உங்கள் கால் இன்னும் டீசலில் இருக்கிறது. டீசலில் 1,500 ஆர்.பி.எம்.-லேயே (நிமிடத்துக்கு என்ஜின் சுற்று) கியரை மாற்றிப் பழகியிருப்பீர்கள், அங்கேயே இழுவை கிடைக்கும். டர்போ இல்லாத பெட்ரோலுக்கு 3,000, 4,000 வேண்டும். சத்தம் கேட்டுப் பயப்படாதீர்கள், அது கெடுதல் இல்லை. ஐந்தாவது கியரில் திணற விடுவதுதான் கெடுதல். ஷெஃபீல்ட் மேடுகளில் மூன்றாவதுக்கு இறக்கி, முள் 3,500 தொடும்வரை மிதித்து ஏறிப் பாருங்கள். ஒரு வாரம் அப்படி ஓட்டிவிட்டு மறுபடி எழுதுங்கள்.