பழைய படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டாயிற்று, இப்போது என்ன செய்வது?

வர்ஜீனியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். திருச்சியில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் மென்பொருள் வேலை. கல்லூரி நாட்களில் நண்பர்களோடு கஞ்சா புகைத்திருக்கிறார். தேர்வு நேரத்தில் அறைத்தோழருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த, கவனக்குறைபாட்டுக்கான அடரால் மாத்திரையையும் சில தடவை வாங்கிப் போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் விட்டு ஐந்து வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன் ‘சீக்ரெட்’ கிளியரன்ஸுக்கு, அதாவது அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதிக்கு, எஸ்.எஃப்-86 என்ற பின்னணி விசாரணைப் படிவம் நிரப்பும்போது, “இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு போதைப்பொருள் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்துவிட்டார். கிளியரன்ஸும் வந்துவிட்டது. இப்போது அதைவிட உயர்ந்த ‘டாப் சீக்ரெட்’டுக்காக மறுபடி அதே படிவம். பழைய பதிலையே போட்டுவிடலாமா, இல்லை இரண்டு வருடம் தள்ளிப்போட்டால் ஏழு வருடக் கெடு தாண்டிவிடுமா என்பது அவர் கேள்வி.

பழைய பதிலைப் போடாதீர்கள். தள்ளிப்போடுவதாலும் பயனில்லை. போதைப்பொருள் கேள்வி கடைசி ஏழு வருடத்தைத்தான் கேட்கிறது என்பது சரி. ஆனால் மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் கையெழுத்திட்ட பொய்க்கு, கிளியரன்ஸ் தீர்ப்பில் அப்படி ஒரு கெடு கிடையாது.

கஞ்சாவைப் பற்றி நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கிளியரன்ஸ் தீர்ப்புகள் 2017 ஜூன் முதல் நடப்பிலுள்ள 13 வழிகாட்டு நெறிகளின்படி நடக்கின்றன. அதில் ‘எச்’ என்பது போதைப்பொருள். எத்தனை நாளாயிற்று, எவ்வளவு அடிக்கடி, அந்தச் சகவாசம் விட்டுப்போயிற்றா, இனித் தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திடத் தயாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். பழைய கஞ்சாப் பழக்கம் மட்டுமே முடிவைத் தீர்மானித்துவிடாது என்று அப்போதைய தேசிய உளவுத்துறை இயக்குநர் அவ்ரில் ஹெய்ன்ஸ் 2021 டிசம்பரில் வழிகாட்டியிருக்கிறார். இப்போதும் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் சட்டமே கதவைச் சாத்துகிறது. வர்ஜீனியாவில் 2021 ஜூலையிலிருந்து பெரியவர்கள் கொஞ்சம் கஞ்சா வைத்திருக்கலாம் என்பதைச் சாக்காகச் சொல்லாதீர்கள். கிளியரன்ஸுக்கு மத்தியச் சட்டம்தான் அளவுகோல். அடராலை விட்டுவிடாதீர்கள். கஞ்சாவை எழுதுகிறவர்கள்கூட ‘அது மருந்துதானே’ என்று இதை மறந்துவிடுகிறார்கள். அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை விழுங்குவதைப் பற்றி அதே பகுதியில் தனிக்கேள்வியே இருக்கிறது.

உங்கள் தலைவலி ‘இ’ என்கிற நெறியில், அதாவது தனிப்பட்ட நடத்தையில் இருக்கிறது. படிவத்தில் வேண்டுமென்றே உண்மையை மறைப்பது அதில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட குறை. போதைப்பொருள் கேள்விக்குச் சொல்லும் உண்மையான பதிலை, பின்னால் வரும் கிரிமினல் வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாக்கமாட்டோம் என்று படிவமே உறுதி தருகிறது. பொய்ப் பதிலுக்கு அந்தக் காப்பு இல்லை. தெரிந்தே மத்திய அரசிடம் பொய் சொன்னால் ஐந்து வருடம்வரை சிறை என்பது சட்டம். வழக்கு வருமோ இல்லையோ, கிளியரன்ஸ் போனால் இந்தத் துறையில் வேலையும் போயிற்று.

இந்த நெறியிலேயே ஒரு வழியும் விட்டிருக்கிறார்கள். ஆதாரத்தை உங்கள் முன் வைத்துக் கேட்பதற்குள், நீங்களாகவே, காலம் தாழ்த்தாமல் திருத்தினால் அது உங்களுக்குச் சாதகம். மூன்று வருடத்தைக் ‘காலம் தாழ்த்தாமல்’ என்று யாரும் ஒத்துக்கொள்வது கடினம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ‘கேட்பதற்குள்’ என்ற பாதி இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. நேர்காணலில் அதிகாரி படிவத்தை வரிவரியாகக் கேட்டுக்கொண்டு வருவார். போதைப்பொருள் பகுதியில் நீங்கள் ‘இல்லை’ என்றதும், “உங்கள் பழைய அறைத்தோழர் வேறு மாதிரி சொன்னாரே” என்று எடுத்துப்போட்டால் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு சொல்லும் உண்மைக்கு மதிப்புக் குறைவு.

அதனால் புதிய படிவத்தில் ‘ஆம்’ என்று குறியுங்கள். குறிப்புப் பெட்டியில் எப்போதிலிருந்து எப்போதுவரை, சுமாராக எத்தனை தடவை, எங்கே, யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். அதோடு, ‘முந்தைய படிவத்தில் வேலை போய்விடும் என்ற பயத்தில் வேண்டுமென்றே இல்லை என்று குறித்தேன்’ என்பதையும் நேராக எழுதுங்கள். ‘கேள்வி புரியவில்லை’ என்று கதை விட்டால் இரண்டாவது பொய்யாகிவிடும். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதும் அப்படித்தான். நேர்காணலில் அது கூடும்போது பழைய சந்தேகம் கிளம்பும்.

சமர்ப்பிக்கும் முன் கிளியரன்ஸ் வழக்குகளைப் பார்க்கிற ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கம்பெனியின் ஆள். நீங்கள் சொல்வதை அவர் மேலே தெரிவித்தாக வேண்டும். வக்கீலிடம் பேசிய பிறகு அவரிடம் போங்கள்.

இதையெல்லாம் செய்தும், கிளியரன்ஸ் ஏன் தரக்கூடாது என்று குற்றச்சாட்டுகளைப் பட்டியலிடும் காரண அறிக்கை வரலாம். உங்களைப் போன்ற ஒப்பந்த ஊழியர்கள் அதற்கு 20 நாளுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக எழுத்தில் பதில் தர வேண்டும். நீதிபதி முன் நேரில் விசாரணை வேண்டுமென்றால் அந்தப் பதிலிலேயே கேளுங்கள். கேட்காவிட்டால் காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுவார்கள்; உங்கள் மேலாளரோ மனைவியோ வந்து சாட்சி சொல்ல இடமே இருக்காது.