எண்ட்கேம் முடிவில் கேப்டன் அமெரிக்கா வாழ்ந்தது எந்தக் காலக்கோட்டில்?

படத்தின் முடிவில் கடந்த காலத்துக்குப் போகும் கேப்டன் அமெரிக்கா (ஸ்டீவ்) அங்கேயே தங்கி வாழ்ந்து, முதியவராகத் திரும்புகிறார். அவர் வாழ்ந்தது வேறொரு கிளைக் காலக்கோட்டில், அதாவது மூல வரலாற்றிலிருந்து தனியாகப் பிரிந்த இன்னொரு வரலாற்றில் என்பதே என் பதில். ஆனால் 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தை உருவாக்கியவர்களே இதில் ஒத்துப்போகவில்லை. இயக்குநர்கள் ரூசோ சகோதரர்கள் கிளை என்றார்கள். திரைக்கதை எழுதிய மார்க்கஸும் மெக்ஃபீலியும், கேப்டன் ஸ்டீவ் முதலிலிருந்தே அதே மூலக் காலக்கோட்டில்தான் காதலி பெக்கியோடு வாழ்ந்தார் என்றார்கள். பெங்களூரு அல்சூரில் எங்கள் தமிழ் நண்பர்கள் டீக்கடையில் கூடினால் இந்த வாக்குவாதம் இன்னும் ஓய்வதில்லை.

படம் சொல்லும் விதி தெளிவானது: கடந்த காலத்தை மாற்றினாலும் நாம் கிளம்பி வந்த நிகழ்காலம் மாறாது. அதைவிட என்னை உறுத்துவது ஸ்டீவின் குணம். உயிர் நண்பன் பக்கியை ஹைட்ரா என்ற தீய அமைப்பு பல பத்தாண்டுகள் ஆட்டிப்படைப்பது தெரிந்தும் அவர் வீட்டில் சும்மா இருந்திருப்பாரா? பக்கிக்காக 2016இல் வந்த 'சிவில் வார்' படத்தில் சக வீரர் டோனியையே (அயர்ன் மேன்) எதிர்த்து நின்றவர்! கிளைக் காலக்கோடு என்றால், அங்கே பக்கியை மீட்டிருக்க அவருக்கு வழி இருக்கிறது.

சரி, அப்படியானால் திரும்பும்போது ஏன் தான் கிளம்பிய காலப்பயண மேடைக்கு வராமல் ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்? படம் இதை விளக்கவில்லை. அதே காலக்கோட்டிலேயே வாழ்ந்தவர் என்றால் மேடை இல்லாமலே அங்கு வந்து உட்கார்ந்திருக்கலாம்; எழுத்தாளர்கள் பக்கம் நிற்பவர்களுக்கு இதுதான் வலுவான பிடி.