பெரிய மோட்டர் வாங்கமுதல் மெசினை வெளியே வையுங்கள்

கேள்வி: வீட்டோடு சேர்ந்த 12க்கு 20 அடிக் கொட்டகையில் கதவு, யன்னல் செய்கிறேன். ஒரு குதிரைவலு தூசு உறிஞ்சும் மெசின் இருக்கிறது. மேலே துணிப் பை, கீழே பொலித்தீன் பை. 20 அடி நெளிவுக் குழாயை வாள் மேசைக்கும் பிளேனருக்கும் மாற்றி மாற்றிப் பூட்டுகிறேன். சீவல் போகிறது. ஆனால் பின்னேரம் பார்த்தால் எல்லாவற்றிலும் மா மாதிரித் தூள். முதிரை அறுத்தால் கை, கழுத்தெல்லாம் கடி. 3 குதிரைவலு மெசின் வாங்கவா? (மாங்குளம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சீவலை இழுக்கிறதென்றால் மோட்டரில் பிழையில்லை. அந்த மாத்தூளில் பெரும்பங்கு உங்கள் துணிப் பையால்தான் வருகிறது. மலிவான மெசின்களோடு வரும் பைகள் பெரும்பாலும் 30 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகளைத்தான் மறிக்கும். மூச்சோடு நெஞ்சுக்குள் இறங்குவதோ 10 மைக்ரோனுக்கும் குறைந்த தூள். அதை வாளடியில் இழுத்தெடுத்துத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதுகிறது மெசின். 3 குதிரைவலு வாங்கி அதே மாதிரிப் பை போட்டால் இன்னும் வேகமாக ஊதும், அவ்வளவுதான். சந்தேகமென்றால் இரவில் லைட்டை அணைத்துவிட்டு, மெசின் ஓடும்போது பையின் ஓரமாக டோர்ச் அடியுங்கள். நெசவால் தூள் கசிவது வெளிச்சத்தில் தெரியும்.

குளிர்நாடுகளில் பட்டறையை மூடிச் சூடாக்குவார்கள். சூடான காற்றை வெளியே விட மனம் வராது, அதனால் விலைகூடிய பில்டருக்குக் காசு கொட்டுவார்கள். வன்னி வெயிலில் நமக்கு அந்தக் கவலை ஏது? சுவருக்கு வெளியே ஒரு பத்தி இறக்கி மெசினை அங்கே வையுங்கள். பைப் மட்டும் சுவரால் உள்ளே வரட்டும். இடத்தை மட்டும் யோசித்துத் தெரியுங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், வாடை வடகிழக்கிலிருந்து. ஆகவே கிணறோ குசினியோ, உங்கள் வீடோ அயல்வீடோ, அந்த இரண்டு திசையிலும் மெசினுக்கு நேரே வரக்கூடாது. தகரம் பைக்கு மேலே நன்றாக நீண்டு நிற்க வேண்டும். மாரியில் பை நனைந்து தூள் அப்பிக்கொண்டால் காற்றும் போகாது, இழுவையும் செத்துவிடும். வேலை செய்யும்போது ஒரு யன்னலைத் திறந்து வையுங்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவேண்டுமே.

அப்புறம் அந்த 20 அடிக் குழாய். உள்ளே விரலை விட்டுத் தடவினால் வளையம் வளையமாக மேடு தட்டுப்படும். அதே நீள வழுவழுப்பான பைப்பைவிட இரண்டு, மூன்று மடங்கு தடை அங்கே இருக்கிறது. 110 மில்லிமீற்றர் பிவிசி போட்டு, வாள் மேசை, பிளேனர் முனையில் மூன்றடிக்கு மட்டும் நெளிவுக் குழாயை வையுங்கள். 90 பாகை முழங்கைக்குப் பதில் 45 பாகை இரண்டு போடுங்கள். 6 அங்குல பைப் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். அதன் வாய்ப் பரப்பு 4 அங்குலத்தைப்போல இரண்டேகால் மடங்கு. ஒரு குதிரைவலு விசிறிக்கு அதில் காற்றை வேகமாக ஓட்டச் சக்தி போதாது. சீவல் நடுவழியில் படுத்துவிடும். காற்றைச் சுழற்றிச் சீவலை முன்கூட்டியே பிரிக்கும் சைக்கிளோன் என்ற கூம்புப் பாத்திரமும் இப்போது வேண்டாம், இருக்கிற இழுவையில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

முதிரைக் கடி வேறு விசயம். அந்த மரத்தூள் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. வாள் பல் மேலே வீசும் தூளை மேசைக்குக் கீழே பூட்டிய குழாய் பிடிக்காது, ஆகவே முதிரை அறுக்கும் நாளில் நீளக்கைச் சட்டையும் என்95 முகக்கவசமும் கட்டாயம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களில் ஒன்றென 1995 இலேயே வகைப்படுத்தப்பட்டுவிட்டது. முகத்தில் துணி கட்டினால் போதும் என்று இருக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, வாளையும் பிளேனரையும் ஒன்றாக ஓட்ட வேண்டிவந்தால் 3 குதிரைவலு வாங்கலாம். அப்போது 6 அங்குல பைப் சரி. குதிரைவலுவைவிட விசிறியின் விட்டத்தைக் கேளுங்கள், 12 அங்குலத்துக்குக் குறைந்தால் விடுங்கள். வேறு நாட்டு 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த பழைய மெசின் மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். நம்முடைய 50 ஹேர்ட்ஸில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், உறிஞ்சும் அழுத்தம் 70 வீதத்துக்கு இறங்கும். சிங்கிள் பேஸில் 3 குதிரைவலு மோட்டர் ஓடும்போதே 13 அம்பியருக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட்டில் அதைப்போலப் பல மடங்கு. சதுரப் பிளக்கில் குத்தாமல், மின்பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து பிரேக்கரோடு கொடுக்கச் சொல்லுங்கள். வாங்கமுதல் ஒரு பின்னேரம், ஊரெல்லாம் லைட் போட்ட நேரத்தில், வாளை ஓடவிட்டு வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 காட்டினால் மோட்டரின் சுழற்றும் பலம் முக்கால்வாசிதான் இருக்கும். பெரிய மோட்டர் அதில் கிளம்பவே திணறிச் சூடேறும்.