அண்ணா மணவறைப் பக்கம் வரக்கூடாதாம்

கேள்வி: எனக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். அப்பா இல்லை. 2008இல் விடுதலைப் புலிகள் இயக்கம் வீட்டுக்கு ஒருவரைக் கேட்டு வந்தபோது, அக்காவை விடச் சொல்லிவிட்டு அண்ணா தானே போனவர். இரணைப்பாலையில் ஷெல் விழுந்து ஒரு கால் போய்விட்டது. சண்டை முடிந்த பிறகு அரசாங்கத்தின் தடுப்பு முகாமில் இரண்டு வருடம் இருந்தவர். அவருக்கு மூன்று இடத்தில் கல்யாணம் பேசியும் ஒன்றும் சரிவரவில்லை. பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழனாக நிற்பது எங்கள் வழக்கம். இப்போது மாப்பிள்ளை வீட்டார், “தோழனா வேற ஆரையும் விடுங்கோ, படத்திலயும் அவர் வேண்டாம், பிறகு விசாரணை எண்டு வரும்” என்கிறார்கள். அண்ணாவுக்கு இதை எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, சொல்லாதீர்கள். இந்தப் பேச்சு அண்ணாவின் காதுக்கே போகக்கூடாது. நீங்கள் பேச வேண்டியது மாப்பிள்ளையிடம். அவருடைய தாய்தகப்பனிடம்கூட இல்லை, அவரிடம்.

அவர்களுடைய பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 2009இல் பிடிபட்டும் சரணடைந்தும் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போனவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். வெளியே வந்த பிறகும் புலனாய்வுக்காரர் வீடு தேடிப் போய் விசாரித்தார்கள்: எங்கே வேலை, யார் வந்துபோனது என்று. அந்த வீட்டோடு புழங்கினால் நமக்கும் கரைச்சல் என்று சனம் ஒதுங்கியது அப்படித்தான். ஆனால் உங்களைக் கட்டுகிறவர் அந்த வீட்டு மருமகன். விசாரிக்க வருகிறவன் அதைக் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தா அறிய வேண்டும்?

எனக்கு நோகிறது வேறொன்று. போரில் காலிழந்த அரச படையினருக்குத் தெற்கில் ஓய்வூதியம் இருக்கிறது. இங்கே உங்கள் அண்ணா போன்றவர்களுக்கு அதுவும் இல்லை. சொந்தச் சனத்திடம் கிடைக்கும் மதிப்பு ஒன்றுதான் மிச்சம், அதையும் நாங்கள் கொடுக்கவில்லை. மாவீரர் நாளான நவம்பர் 27இல், போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லத்தில் நின்று கதறுகிற அதே ஆட்கள், உயிரோடு வந்தவரைப் பார்த்து “நீ மட்டும் எப்படித் தப்பினனி?” என்று கேட்டார்கள். இயக்கத்தில் இருந்து வந்த பெட்டைகளின் பாடு இன்னும் மோசம். என் சித்தியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது, தடுப்பில் என்ன நடந்தது என்பதைத்தான். அந்த விறாந்தையில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

நீங்கள் வாய் திறவுங்கள். “அண்ணா போகாட்டி அண்டைக்கு அக்காவைக் கொண்டுபோயிருப்பினம். தோழனா நிண்டு உங்கட காலைக் கழுவி, உங்கட கையால மோதிரம் போடுவிக்கிறது அவர்தான்” என்று மாப்பிள்ளையிடம் நேரே சொல்லுங்கள். மண்டபத்துக்குக் காசு கட்டுமுன் சொல்லுங்கள். விளங்கிக்கொள்கிற பிள்ளை என்றால் தாயோடு அவரே பேசுவார். தயங்கினால் நாளைத் தள்ளிப்போடுங்கள். அதனால் ஒன்றும் குடிமுழுகாது.

அண்ணாவிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: குனிந்து கால் கழுவ உடம்பு இடம் கொடுக்குமா? பொய்க்காலோடு குந்துவது லேசில்லை. மாப்பிள்ளை ஒரு படி மேலே நிற்கட்டும், அண்ணாவுக்குக் கீழே ஒரு முக்காலி போடுங்கள். ஐயருக்கும் படம் எடுக்கிறவருக்கும் முதலே சொல்லிவையுங்கள்.